பிள்ளை எங்கே இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் வடசேரியில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவது வழக்கம். எழுதியதை வாசிப்போம், வாசித்ததைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்வோம். இரண்டு மாதங்களுக்கு முன் அங்கே ஒரு நண்பர் ஒரு சிறுகதை வாசித்தார். கணவனை இழந்த ஒரு பெண். மூன்று வயதில் ஒரு பையன். அவள் 100 நாள் வேலைக்குப் போகிறாள். குளம் தூர் வாருகிறார்கள். வெயில், மண் சட்டி, பணித்தளப் பொறுப்பாளரின் ஏச்சு, கூட வேலை செய்கிறவர்களின் பேச்சு எல்லாம் நன்றாகவே வந்திருந்தன. சாயங்காலம் வீடு திரும்புகிறாள். பையன் திண்ணையில் சுருண்டு தூங்கிப் போயிருக்கிறான். காலையில் அவள் கொடுத்துவிட்டுப் போன பழம் உரிக்கப்படாமல் அவன் கையில் இருக்கிறது. அவள் அழுகிறாள். கதை முடிகிறது.

கேட்டவர்களில் இரண்டு பேருக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான்தான் கேட்டேன்: "அவள் வேலைக்குப் போயிருந்த நேரமெல்லாம் பிள்ளை எங்கே இருந்தது?"

நண்பர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அது கதைக்கு அவசியமில்லை" என்றார். வேறொருவர், பாங்கில் வேலை பார்க்கிறவன் எதையும் பற்று வரவாகத்தான் பார்ப்பான் என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஆனால் நான் கேட்டது கணக்குப்பிள்ளையின் கேள்வி என்று எனக்குத் தோன்றவில்லை. விமர்சகன் கேட்க வேண்டிய கேள்விதான் அது என்று அன்றும் பட்டது, இன்றும் படுகிறது. ஏன் அப்படிப் படுகிறது என்பதைச் சொல்லிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. நண்பரின் கதையை மட்டம் தட்டுவது என் நோக்கமில்லை. அந்தக் கதை செய்த பிழையை அவருக்கு வெகு முன்பே நான் செய்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்று வயதுப் பிள்ளை ஒரு பகல் பூராவும் தானாக இருந்துவிட முடியாது. யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அல்லது அது கதவுக்குள் பூட்டப்பட்டிருக்க வேண்டும். அல்லது குளக்கரை மர நிழலில் கிடந்திருக்க வேண்டும். எதுவானாலும் அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் அதுதான் மையமான பிரச்சினை. காலையில் கண் விழித்ததும் அவள் மனசில் வருகிற முதல் யோசனை கூலியைப் பற்றி இருக்காது. 'இன்றைக்கு இவனை யாரிடம் விடுவது' என்றுதான் இருக்கும். கதாசிரியர் அவளுடைய மனசுக்குள் சுலபமாக நுழைகிறார். குளத்தில் நின்றபடி அவள் செத்துப்போன கணவனை நினைத்துக்கொள்வதை ஒரு பக்கத்துக்கு எழுதுகிறார். இந்த யோசனையை மட்டும் அங்கே காணோம். தகவல் விட்டுப்போயிற்று என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அனுபவமே விட்டுப்போயிருக்கிறது. திண்ணையில் தூங்குகிற பிள்ளை கதையின் கடைசி வரிக்காக அங்கே கொண்டுவந்து கிடத்தப்பட்டிருக்கிறது. வாசகன் அழ வேண்டும் என்பதற்காக ஒரு பகல் பூராவும் அது எங்கும் இல்லாமல் இருந்திருக்கிறது.

தமிழ்ச் சிறுகதையில் இது சகஜமான சமாச்சாரம். தனியாகப் பிள்ளை வளர்க்கிற பெண் நம் கதைகளில் எத்தனையோ பேர். மாவாட்டுகிறாள், தையல் மெஷின் மிதிக்கிறாள், வயலில் நடுகிறாள். பிறகு 'பொழுது சாய்ந்தது' என்று ஒரு வாக்கியம் வருகிறது. அந்த ஒரு வாக்கியத்தில் எட்டு மணி நேரம் விழுங்கப்பட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு தாய்மை ஆரம்பிக்கிறது. வேலை ஒரு இடத்தில், தாய்மை இன்னொரு இடத்தில். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே உடம்பைப் பிடித்து இழுப்பது கதைக்குள் வருவதேயில்லை.

இந்த இடத்தில் அரசாங்கத்தைக் கொண்டுவருவது சிலருக்கு விசித்திரமாக இருக்கலாம். ஆனால் அரசாங்கத்தின் விண்ணப்பப் பாரமும் ஒரு எழுத்துத்தான். அதற்கும் ஒரு பாத்திரம் உண்டு. அந்தப் பாத்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று அதுவும் தீர்மானிக்கிறது. பாங்கில் என் மேஜைக்கு முன்னால் பாஸ்புக்கை நீட்டுகிற பெண்களின் கணக்குகளில் மூன்று விதமான பணம் வந்து விழுகிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதாபாத்திரம் இருக்கிறது.

முதலாவது, விதவை உதவித்தொகை. தமிழ்நாட்டில் 1975-இல் வந்தது. கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கு 1986-இல் தனியாக ஒன்று வந்தது. இதில் முக்கியமான சொல் 'ஆதரவற்ற' என்பது. அவளுக்கு யாரும் இருக்கக்கூடாது, எதுவும் இருக்கக்கூடாது, வருமானம் இருக்கக்கூடாது. கைவிடப்பட்டவள் என்றால் கைவிட்டு 5 வருஷமாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது கோர்ட்டுக் காகிதம் வேண்டும். வயது 30 ஆகியிருக்க வேண்டும். மறுபடி கல்யாணம் செய்துகொண்டால் விதவைத் தொகை நின்றுவிடும். ஆக, வேலை செய்யாதவள், துணை தேடாதவள், இடிந்துபோய் உட்கார்ந்திருப்பவள் ஒருத்திதான் இந்தப் பாரத்தின் கதாநாயகி.

இரண்டாவது, 100 நாள் வேலையின் கூலி. 2005-ஆம் வருஷத்துச் சட்டத்தால் வந்தது. (2025 டிசம்பரில் பாராளுமன்றம் அதன் இடத்தில் 125 நாள் என்று வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. ஜனங்களின் வாயில் இன்னும் 100 நாள் வேலைதான்.) தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பகுதி பெண்கள். இந்தப் பாரத்தின் கதாநாயகி முன்னவளுக்கு நேர் எதிர். இவளிடம் கேட்கப்படுவது உடம்பும் நேரமும். 2023 ஜனவரியிலிருந்து வேலைத்தளத்தில் செல்போனில் இரண்டு படம் எடுப்பது கட்டாயமாயிற்று; முன்னேரம் ஒன்று, பின்னேரம் ஒன்று. இரண்டு படத்திலும் முகம் இருக்க வேண்டும். நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யாராவது வந்து சொல்லி, அவள் ஓடிப்போய்த் திரும்பி வருவதற்குள் இரண்டாவது படம் எடுக்கப்பட்டிருந்தால் அன்றைய கூலி சந்தேகத்துக்கு உரியதாகிவிடுகிறது.

மூன்றாவது, 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கப்பட்ட மகளிர் உரிமைத்தொகை; மாதம் 1000 ரூபாய். இதற்கு வருமான வரம்பு உண்டு, நில வரம்பு உண்டு, மின்சார யூனிட் வரம்புகூட உண்டு, மணிக்கணக்கு இல்லை. வீட்டுக்குள் சம்பளமில்லாமல் நடக்கிற வேலையை ஏற்றுக்கொள்வதற்கு அடையாளமாகத்தான் இந்தத் தொகை என்று அரசாங்கமே சொன்னது. நம் சிறுகதைகள் சொல்லாத ஒன்றை ஒரு அரசாங்க ஆணை சொல்லிவிட்டது. எழுதுகிறவர்கள் இதற்காகக் கொஞ்சம் வெட்கப்படலாம். ஆனால் 1000-த்தை 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 33 ரூபாய்ச் சொச்சம். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். மண் சுமப்பதற்கும் வீட்டைச் சுமப்பதற்கும் பத்துக்கு ஒன்று என்ற விகிதம். தவிர, 2023-இல் வந்த விதிகளின்படி, விதவை உதவித்தொகை வாங்குகிறவளுக்கு உரிமைத்தொகை கிடையாது. ஆதரவற்றவளாக இருக்கலாம், உரிமை உள்ளவளாக இருக்கலாம். இரண்டுமாக இருக்க முடியாது.

2005 சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. இந்தக் கட்டுரைக்கே காரணமான பிரிவு என்று சொல்லலாம். வேலைத்தளத்துக்குப் பெண்கள் அழைத்துவருகிற ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால், அந்தப் பெண்களில் ஒருத்தியைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நியமிக்க வேண்டும். அவளுக்கும் மற்றவர்களுக்கு உள்ள கூலி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதன் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். ஐந்து பிள்ளைகளை மர நிழலில் வைத்துப் பார்த்துக்கொண்டால் அது வேலை. நாலு பிள்ளைகள் என்றால் வேலையில்லை. தன் பிள்ளையை மட்டும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டால் அவள் அன்றைக்கு வேலைக்கு வராதவள்.

இது நம் ஊர்ப் புத்தி மட்டுமில்லை. அமெரிக்காவில் 1996-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்கு முன் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஏழைத் தாய்க்கு உதவித்தொகை ஓரளவு உரிமையாக இருந்தது. 1996-க்குப் பிறகு வாரத்துக்கு 30 மணி நேரம் வேலையிலோ வேலைக்கான பயிற்சியிலோ இருந்தால்தான் அவள் கணக்கில் சேருவாள். பிள்ளைக்கு 6 வயது ஆகவில்லையென்றால் 20 மணி. மத்திய அரசின் பணத்துக்கு ஆயுளில் மொத்தம் 60 மாதம் என்று ஒரு எல்லை. எதெல்லாம் வேலை என்று அந்தச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. சமூக சேவை வேலைக்குப் போகும் இன்னொருத்தியின் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அந்தப் பட்டியலில் உண்டு. தன் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது இல்லை. அடுத்தடுத்த வீட்டில் இருக்கிற இரண்டு தாய்மார் தங்கள் பிள்ளைகளை மாற்றிக்கொண்டால் சட்டத்தின் கண்ணுக்கு வேலை தோன்றிவிடும். அவரவர் பிள்ளை அவரவர் வீட்டுக்குப் போனால் வேலை மறைந்துவிடும். பிரிட்டனிலும் 2023 அக்டோபரிலிருந்து 3 வயது முதல் 12 வயது வரையுள்ள பிள்ளையை வளர்த்துக்கொண்டு உதவி பெறுகிறவர் வாரத்துக்கு 30 மணி நேரம் வரை வேலைக்கோ வேலை தேடுவதற்கோ தயாராக இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள்.

உதவி வேண்டுமென்றால் உடம்பை வருத்திக் காட்டு என்பது பழைய சித்தாந்தம். இங்கிலாந்தில் 1834-ஆம் வருஷத்து ஏழைகள் சட்டம் அதை ஸ்தாபனமாக்கியது. 1877-இல் சென்னை மாகாணத்துப் பஞ்சத்தின்போது சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்தவர்களின் நாள் கூலியை ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவுமாகக் குறைத்தார். பஞ்சத்தில் அடிபட்டவர்களைக் கொண்டு வெட்டிய பக்கிங்காம் கால்வாய்ப் பகுதிகள் சென்னைக்குப் பக்கத்தில் இன்றும் கிடக்கின்றன. நம் பக்கம் அப்போது திருவிதாங்கூர். ஆனாலும் அந்த மனோபாவம் எல்லைக்கோடு பார்த்து நின்றுவிடவில்லை.

நான் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தபோது, பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு நாவலை லைப்ரரியில் எடுத்து வாசித்தேன். ஜார்ஜ் மூர் 1894-இல் எழுதிய 'எஸ்தர் வாட்டர்ஸ்'. எஸ்தர் கல்யாணமாகாமல் தாயான ஒரு வேலைக்காரி. பிழைப்புக்காக ஒரு பணக்கார வீட்டில் அவர்களுடைய குழந்தைக்குப் பால் கொடுக்கப் போகிறாள். அவளுடைய குழந்தை, காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளை வைத்துக்கொள்கிற ஒருத்தியிடம் கிடந்து மெலிகிறது. பால் அவளுடையது, அது அடுத்தவளுடைய பிள்ளைக்குப் போகும்போது கூலி உண்டு, தன் பிள்ளைக்குப் போனால் பட்டினி. ஒரு கட்டத்தில் எஸ்தருக்கு இது முழுசாகப் புரிந்துவிடுகிறது. வேலையை உதறிவிட்டுப் பிள்ளையைத் தேடி ஓடுகிறாள். அந்த நாவலில் யாரும் தாய்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில்லை. ஷில்லிங்குகள் எண்ணப்படுகின்றன, பிள்ளை எங்கே, யாரிடம் இருக்கிறது என்பது ஒவ்வொரு கட்டத்திலும் நமக்குத் தெரிகிறது. அந்தக் கணக்கு நாவலின் கலையைக் கெடுக்கவில்லை. எஸ்தருடைய பயம் நமக்குத் தொற்றுவதே அந்தக் கணக்கினால்தான்.

இனி என் விஷயம். எனக்கு ஏழு வயதில் அப்பா இறந்துபோனார். கருங்கலுக்குப் பக்கத்தில் அப்போது எங்கள் வீடு. அம்மா அண்டியாபீசுக்கு வேலைக்குப் போனாள். முந்திரித் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வறுத்த கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கிற வேலை. பருப்பு முழுசாக வர வேண்டும். உடைந்தால் கூலி குறையும். எடைக்குத்தான் கூலி. தோட்டிலிருந்து வருகிற எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். கையில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். என்ன பூசினாலும் விரல் நுனிகள் கறுத்துப் பொருக்குத் தட்டிப்போகும்.

இருபத்திரண்டு வயதில் நான் ஒரு சிறுகதை எழுதினேன். ஒரு சிறு பத்திரிகையில் வந்தது. அம்மாவின் கைகளைப் பற்றிய கதை. அந்தக் கறுத்த விரல்கள் சோறு பிசைந்து ஊட்டுவதில் ஆரம்பித்து, பரீட்சையில் தேறிய மகன் அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதில் முடியும். நாலைந்து பேர் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். எனக்கு வெகுநாள் பெருமையாக இருந்தது. இன்றைக்கு அந்தக் கதையை எடுத்து வாசித்தால் கூச்சமாக இருக்கிறது. கதையில் நான் விட்ட இரண்டு விஷயங்கள்தான் காரணம்.

முதல் விஷயம், உதவித்தொகை மனு. அப்பா இறந்த அடுத்த வருஷம் அம்மா மனுக் கொடுத்தாள். மனு எழுதிக் கொடுத்தவர் அவளிடம், விசாரணைக்கு ஆள் வரும்போது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார். கையைப் பார்த்தால் அண்டியாபீசுக்குப் போகிறவள் என்று தெரிந்துவிடும்; வருமானம் இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். அம்மா அப்படியே நின்றாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வந்தவர் ஒரு தாளை நீட்டிக் கைநாட்டு வைக்கச் சொன்னார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் எதற்கானாலும் கையை வெளியே எடுக்க வேண்டுமே. எடுத்தாள். அவர் பார்த்தார். அந்த மனு தள்ளுபடியாயிற்று.

என் கதையில் நான் கண்ணில் ஒற்றிக்கொண்ட கை அதுதான். அதே கையை ஒரு பகலில் அவள் திருட்டுச் சாமானைப் போல ஒளித்துக்கொண்டு நின்றதை ஏன் எழுதவில்லை? எனக்கு அது மறக்கவில்லை. எழுதினால் அம்மா பொய் சொன்னவளாகத் தெரிவாள் என்று பட்டது. கதைக்குத் தேவைப்பட்டவள் ஒரு தூய்மையான தாய். அரசாங்கப் பாரத்துக்கும் ஒரு தூய்மையான ஆதரவற்றவள்தான் தேவைப்பட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து அவளுடைய வாழ்க்கையிலிருந்து ஒரே பகுதியை வெட்டியெறிந்திருக்கிறோம். அவள் ஒரு இடத்தில் வேலையை மறைத்து, இன்னொரு இடத்தில் வேலையைக் காட்டி, இரண்டுக்கும் நடுவில் பிள்ளை வளர்த்த சாமர்த்தியம் இருக்கிறதே, அதுதான் அவளுடைய வாழ்க்கை. அந்தச் சாமர்த்தியத்துக்கு என்னிடம் வார்த்தை இருக்கவில்லை. 'தியாகம்' என்ற ஒரு வார்த்தைதான் இருந்தது.

இரண்டாவது விஷயம், நண்பரிடம் நான் கேட்ட கேள்வி. எனக்கு ஏழு வயது, தங்கைக்கு இரண்டு. பள்ளிக்கூடம் விட்டபின் நானும், நாள் பூராவும் தங்கையும் எங்கே இருந்தோம்? பக்கத்து வீட்டில் ஒரு மாமி இருந்தாள். அம்மா அவளை மயினி என்று கூப்பிடுவாள். உறவு ஒன்றும் கிடையாது. மாமி முற்றத்தில் உட்கார்ந்து பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருப்பாள். அவளைச் சுற்றி நாங்கள் ஐந்தாறு பிள்ளைகள் கிடப்போம். எல்லோருமே அண்டியாபீசுக்குப் போனவர்களின் பிள்ளைகள். ஒரு கண் ஓலையில், ஒரு கண் எங்கள்மேல். யாராவது கிணற்றுப் பக்கம் நகர்ந்தால் பெயர் சொல்லிக் கத்துவாள். சனிக்கிழமை கூலி வாங்கி வரும்போது அம்மா அவளுக்கு மரச்சீனிக் கிழங்கோ மீனோ கொண்டுவந்து கொடுப்பாள். காசு கொடுத்ததில்லை, கொடுத்தால் மாமி வாங்கியிருக்கவும் மாட்டாள். ஆறு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அவளுக்குக் கூலி கொடுக்கச் சொல்லும் சட்டம் அப்போது எங்கும் இல்லை. என் கதையில் அவள் ஒரு வாக்கியத்தில்கூட இல்லை.

சென்ற மாதம், மொட்டை மாடிச் சண்டைக்குப் பிறகு, அம்மாவிடம் கேட்டேன்: அண்டியாபீசில் எத்தனை மணி நேரம் வேலை?

"மணியா? மணி யாரு பாத்தா மக்கா? சங்கு ஊதுனா உள்ள போவோம். நிறுத்து எழுதுனப் பொறவு வருவோம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே, "மயினி மட்டும் இல்லேண்ணா நான் எங்க போயிருப்பேன்? நீங்க ரெண்டும் எங்க கெடந்திருப்பிய?" என்றாள்.

மணிக்கணக்கு கேட்டதற்கு அவள் கொடுத்த பதில் அது. அவளுடைய நினைவில் அந்த வருஷங்களின் மையம் கொட்டையோ கூலியோ இல்லை. அந்த முற்றம்தான்.

இதற்கெல்லாம் என் நண்பர்கள் சொல்லக்கூடிய ஆட்சேபணை எனக்குத் தெரியும். 'நீ கேட்பது சமூகவியல். யார் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள், எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி என்றெல்லாம் எழுதினால் சர்வே ரிப்போர்ட் ஆகும், சிருஷ்டி ஆகாது.' ரிப்போர்ட்டுகள் மாதிரி எழுதப்பட்ட முற்போக்குக் கதைகளை இருபது வருஷமாக வாசித்து நொந்தவன் என்ற முறையில் இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் புள்ளிவிவரத்தை நான் கேட்கவில்லை. ஒரு பாத்திரத்தின் பிரக்ஞையில் நாள் பூராவும் அரித்துக்கொண்டிருக்கிற ஒன்றைக் கதை ஏன் விழுங்கிவிடுகிறது என்றுதான் கேட்கிறேன். காலத்தைக் கதாசிரியன் எங்கே நீட்டுகிறான், எங்கே சுருக்குகிறான் என்பதில்தான் அவனுடைய பார்வை இருக்கிறது. வெயிலை நீட்டி, பிள்ளையைச் சுருக்கினால் அதுவும் ஒரு தீர்மானம்தான்.

தமிழில் வேறு விதமாகச் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. நம் ஊர்க்காரரிடமிருந்தே தொடங்கலாம். தேரூர்க் கவிமணியின் 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' ஒரு காரணவனுக்கு ஐந்தாவதாக வாழ்க்கைப்பட்ட பெண் தன் வாயால் சொல்கிற கதை. சொத்து அக்கா தங்கை பிள்ளைகளுக்குப் போகிற மருமக்கள்வழி முறையில் மனைவியும் பிள்ளைகளும் கடைசியில் எங்கே நிற்பார்கள் என்பதுதான் விஷயம். 1926-இல் அந்த முறையைச் சட்டம் போட்டு மாற்றினார்கள். அதற்கு இந்த நூலும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். அது எப்படியானாலும் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பெண்ணின் குரல். அவள் தியாகி இல்லை. மாமியைத் திட்டுகிறாள், சக்களத்திகளைக் கேலி செய்கிறாள், வழக்கில் எப்படிச் சொத்துக் கரைந்தது என்று வரிசையாகச் சொல்கிறாள். அவளுக்குத் தன் கணக்குத் தெரியும். அந்தக் கணக்கைச் சொல்லும்போது வருகிற சிரிப்பில்தான் அவளுடைய துக்கம் இருக்கிறது. கவிமணியைப் பாடப் புத்தகத்துக் குழந்தைக் கவிஞராகத் தள்ளி வைத்திருக்கிற நவீனக்காரர்கள் இதை ஒருமுறை திரும்ப வாசிக்கலாம்.

நீல. பத்மநாபனின் 'தலைமுறைக'ளில் வருகிற நாகு இரணியல்காரி. பிள்ளையில்லாதவள்தான், ஆனால் கணவன் பழி சுமத்தித் திருப்பி அனுப்பியதால் பிறந்த வீட்டில் இருப்பவள். நாவல் வந்தது 1968-இல். கைவிடப்பட்டவள் என்ற பிரிவு உதவித்தொகைப் பாரத்தில் வருவதற்கு 18 வருஷம் முன்னால் அவளுக்கு ஒரு நாவலில் இடம் கிடைத்துவிட்டது. இலக்கியம் அரசாங்கத்துக்கு முந்திக்கொண்ட சந்தர்ப்பம் இது. அம்பையின் 'வெளிப்பாடு' கதையில், ஒரு பெண் தன் ஆயுளில் எத்தனை தோசை சுட்டிருப்பாள் என்று கணக்குப் போடுகிற இடம் வருகிறது. அந்த எண்ணைப் பார்த்ததும் நமக்கு முதலில் சிரிப்பு வருகிறது, பிறகு வயிற்றில் ஏதோ செய்கிறது. எண் அங்கே ரிப்போர்ட் ஆகவில்லை.

மூன்று பேரும் மூன்று விதமானவர்கள். கொள்கையால் ஒன்று சேராதவர்கள். ஆனால் பெண்ணின் பகலை 'பொழுது சாய்ந்தது' என்று ஒரு வாக்கியத்தில் தாண்டிப் போகாதவர்கள்.

ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். அரசாங்கங்கள் தாயிடம் மணிக்கணக்குக் கேட்கும்போது, தன் பிள்ளையை வளர்ப்பது வேலையில்லை என்ற நம்பிக்கையில்தான் கேட்கின்றன. அந்த நம்பிக்கை சட்டப் புத்தகத்தில் பிறந்ததில்லை. தாய்மையை வேலைக்கு அப்பாற்பட்ட, கூலிக்கு அப்பாற்பட்ட, நேரத்துக்கே அப்பாற்பட்ட ஒரு புனிதமாக ஆக்கி வைத்த பாட்டுகளும் கதைகளும் சினிமாவும் அதற்கு உரம் போட்டிருக்கின்றன. புனிதமான ஒன்றுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. நானும் அதற்கு ஒரு கைப்பிடி உரம் போட்டவன்.

கதை வாசித்த நண்பர் மூன்று ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. கோபம் என்று நினைத்தேன். சென்ற வாரம் வந்தார். "பிள்ளையை யார் பார்த்துக்கொண்டது என்று எழுதிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி வந்தாள். வந்தவள் போகமாட்டேன் என்கிறாள். கதையின் முடிவு நிற்கவில்லை" என்றார். எழுதி முடித்ததும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் காத்திருக்கிறேன்.

என் கதையை நான் இன்னும் திருத்தி எழுதவில்லை. மாமி இறந்து பத்து வருஷமாகிறது. அவளுக்கு எந்த உதவித்தொகையும் வந்ததில்லை. புருஷன் உயிரோடு இருந்தார்.